விண்மீன்களின் பிறப்பு குறைந்தது ஏன்? – புனே ஆய்வு ஒன்றின் மதிப்பீடு

விண்மீன்கள் பிறக்கின்றன, வாழ்கின்றன, மடிகின்றன. இது இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர் யாவரும் அறிந்த செய்தி. ஆனால் எல்லாக் காலத்திலும் அவை ஒரே வேகத்தில் பிறந்தனவா என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். இல்லை என்பதே விடை. பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்தது. பின்னர் படிப்படியாகக் குறைந்து, இன்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இது ஏன் நிகழ்ந்தது?

இக்கேள்விக்கு 2020ஆம் ஆண்டு அக்டோபரில் 'நேச்சர்' என்னும் உலகப் புகழ்பெற்ற இதழில் இந்திய விஞ்ஞானிகள் சிலர் ஒரு விடை கூறினார்கள். புனேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த ஆதித்யா சௌதுரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் ஆகியோரும், பெங்களூரு இராமன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஷிவ் சேத்தி, கே. எஸ். துவாரகாநாத் ஆகியோரும் இக்கட்டுரையின் ஆசிரியர்கள். செய்தித்தாள்களில் வந்த சுருக்கம் ஒரே வரியில் அடங்கும்: "எரிபொருள் தீர்ந்ததால் விண்மீன் பிறப்பு குறைந்தது; இந்திய விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு."

இந்த ஒரு வரி உண்மைதானா? ஆய்வு உண்மையில் அளந்தது என்ன? அளவிலிருந்து ஊகித்தது என்ன? இவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வாசக அன்பர்கள் கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு படித்தால் நலம். போடவேண்டிய கணக்குகள் சில உள்ளன.

முதலில் சொற்களைப் பற்றி

தமிழில் வானியல் எழுதும்போது ஒரு குழப்பம் தொடர்ந்து நேர்கிறது. கோடிக்கணக்கான விண்மீன்கள் ஈர்ப்பினால் கட்டுண்டு வாழும் பெருங்குடும்பத்தைச் சிலர் 'அண்டம்' என்கிறார்கள். சிலர் 'பால்வெளி' என்கிறார்கள். பால்வெளி என்பது நாம் வாழும் குடும்பத்தின் பெயர். எல்லாவற்றையும் பால்வெளி என்பது, எல்லா ஆறுகளையும் வைகை என்பது போலாகும். இக்கட்டுரையில் அத்தகைய குடும்பம் ஒவ்வொன்றையும் 'அண்டம்' என்றும், அனைத்தும் அடங்கியதைப் 'பேரண்டம்' என்றும் குறிக்கிறேன்.

இன்னொரு சொல் 'எரிபொருள்'. இதில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. விண்மீனின் மையத்தில் ஹைட்ரஜன் கருக்கள் இணைந்து ஹீலியமாகி ஆற்றல் தருகின்றன. அங்கே ஹைட்ரஜன் எரிபொருள் என்பது பொருந்தும். ஆனால் இந்த ஆய்வு பேசுவது அந்த ஹைட்ரஜனைப் பற்றி அன்று. விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வாயு மேகங்களைப் பற்றியது. அந்த மேகங்கள் குளிர்ந்து, தம் ஈர்ப்பினாலேயே சுருங்கிப் புதிய விண்மீன்களாகின்றன. ஆகவே இங்கே ஹைட்ரஜன் எரிபொருள் அல்ல, மூலப்பொருள். பட்டாசு ஆலைக்கு அலுமினியத் தூளும் கந்தகமும் வருவதைப் போன்றது. சரக்கு வராவிட்டால் புதிய வெடி தயாராகாது. ஏற்கெனவே கொளுத்திய மத்தாப்பு அதனால் அணைந்துவிடாது. 'எரிபொருள் தீர்ந்தது' என்று படிக்கும் மாணவன், வானில் உள்ள விண்மீன்கள் எல்லாம் அணைந்துகொண்டிருக்கின்றன என்று எண்ணினால் குற்றம் அவனுடையது அன்று.

அளந்தது எப்படி?

ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான். இரண்டுக்கும் தற்சுழற்சி உண்டு. இரண்டும் ஒரே திசையில் சுழலும் நிலைக்கு ஆற்றல் சற்று அதிகம். எலெக்ட்ரான் தன் சுழற்சியைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளும்போது, 21 செ.மீ. அலைநீளமுள்ள ரேடியோ அலை வெளிப்படுகிறது. அதன் அதிர்வெண் 1,420 மெகாஹெர்ட்ஸ். இதனை 1944இல் ஹாலந்து நாட்டு வான் டி ஹூல்ஸ்ட் முன்கூட்டியே கணித்துக் கூறினார். 1951இல் அமெரிக்காவில் ஈவன், பர்செல் இருவரும் கண்டறிந்தனர். தனியே விடப்பட்ட அணு ஒன்றில் இம்மாற்றம் தானாக நிகழச் சராசரியாகச் சுமார் ஒரு கோடி ஆண்டுகள் ஆகும். அண்டங்களில் அணுக்கள் எண்ணிலடங்கா. அதனால்தான் இந்த மெல்லிய சைகை நமக்குக் கிட்டுகிறது.

சிவகாசி வட்டாரத்து மாணவர்களுக்கு இதன் அடிப்படையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலைக்குப் போகும் ஒருவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்: சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குத் தாமிரம், பச்சைக்குப் பேரியம். (பேரிய உப்புகளைப் பட்டாசில் சேர்க்க 2018இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.) ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளிவிடுகிறது. வாணவெடியின் நிறத்தைப் பார்த்து உள்ளிருக்கும் உப்பைச் சொல்வதும், ரேடியோ அலையைப் பார்த்து ஹைட்ரஜன் இருக்கிறதென்று சொல்வதும் ஒரே இயற்பியல்தான்.

தொலைவிலுள்ள அண்டங்களில் ஒரு வேறுபாடு உண்டு. பேரண்டம் விரிவதால், அலை நம்மை நோக்கிப் பயணம் செய்யும்போது அதன் அலைநீளமும் விரிகிறது. இதுவே சிவப்பு இடப்பெயர்ச்சி. அலைநீளம் சரியாக இருமடங்கானால் இடப்பெயர்ச்சியின் அளவு 1 என்பர். 21 செ.மீ. அலை 42 செ.மீ. ஆகிவிடும், அதிர்வெண் 710 மெகாஹெர்ட்ஸாகக் குறையும். அந்த அலை புறப்பட்டுச் சுமார் 800 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும். சூரியனும் பூமியும் தோன்றுவதற்கு வெகு காலம் முந்திய செய்தி அது.

இந்த அலைகளைப் பிடித்த கருவி, புனேக்கு வடக்கே சுமார் 80 கி.மீ. தொலைவில், நாராயண்காவ் அருகே கோடத் என்னும் ஊரில் உள்ளது. ஜி.எம்.ஆர்.டி. எனப்படும் மாபெரும் மீட்டர் அலை ரேடியோத் தொலைநோக்கி அது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் கொண்டது. பதினான்கு கிண்ணங்கள் நடுவிலும், மற்றவை மூன்று கைகளாக நீண்டும் நிற்கின்றன. ஒரு கிண்ணத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே அதிகபட்சத் தொலைவு சுமார் 25 கி.மீ. கிண்ணங்களின் மேற்பரப்பு தகடு அன்று, கம்பி வலை. நீளமான அலைகளுக்கு அதுவே போதும். செலவும் குறைவு, காற்றும் தடையின்றிப் புகுந்து போகும்.

இதனை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப் தமிழகத்துக்கு அந்நியர் அல்லர். உதகமண்டலம் அருகே முத்தோரையில் 1970இல் முடிந்த 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோத் தொலைநோக்கி அவர் கட்டியதே. அது நிற்கும் மலைச்சரிவின் சாய்வு சுமார் 11 பாகை. ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. ஆகவே தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே விண்மீன்களைப் பின்தொடரலாம். இருக்கும் நிலத்தையும் கிடைக்கும் பொருளையும் கொண்டு பெரிய கருவி செய்வது அவர் வழி. 2020 செப்டம்பர் 7இல் அவர் மறைந்தார். அவர் கருவி தந்த இந்த ஆய்வு அடுத்த மாதமே வெளியாயிற்று.

ஏழாயிரம் அண்டங்களும் ஒரு தீப்பெட்டியும்

இவ்வளவு பெரிய கருவியாலும் 800 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஓர் அண்டத்தின் ஹைட்ரஜன் சைகையைத் தனியே காண இயலவில்லை. கருவியின் இரைச்சலில் அது மூழ்கிவிடுகிறது. அங்கேதான் ஆய்வாளர்கள் ஓர் உபாயம் செய்தனர். ஒன்றில் கேட்காதது பல ஆயிரத்தைக் கூட்டினால் கேட்கக்கூடும். இரைச்சல் ஒழுங்கற்றது, கூட்டிச் சராசரி எடுக்கும்போது ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துக்கொள்ளும். சைகை ஒழுங்கானது, நிலைத்து நிற்கும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இரைச்சல் குறையும் என்பது விதி. அவர்கள் எடுத்துக்கொண்ட அண்டங்கள் 7,653. இதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 87. அதாவது இரைச்சல் 87இல் ஒரு பங்காகக் குறைந்தது எனலாம்.

ஆனால் கூட்டுவதற்கு முன் ஒவ்வோர் அண்டத்தின் சைகையும் எந்த அதிர்வெண்ணில் இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு அதன் சிவப்பு இடப்பெயர்ச்சி தெரியவேண்டும். அந்தத் தகவல் ஹவாய்த் தீவிலுள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கியால் அமெரிக்க வானியலார் நடத்திய 'டீப்-2' கணக்கெடுப்பிலிருந்து வந்தது. ஆகவே 'முழுக்க முழுக்க இந்தியச் சாதனை' என்று மார்தட்டுவது சரியன்று. அதில் இழிவும் இல்லை. ஒருவர் முகவரி தந்தார். மற்றொருவர் அந்த முகவரியில் கதவைத் தட்டினார். இரண்டும் தேவையான வேலை. இதில் ஒரு நன்மையும் உண்டு. எங்கே தேடவேண்டும் என்பதை வேறொரு கருவி முன்பே முடிவு செய்துவிட்டதால், இரைச்சலில் தெரியும் ஏதோ ஒரு மேட்டை 'இதுதான்' என்று தாமாகவே பொறுக்கி எடுத்துக்கொள்ளும் ஆசைக்கு இடம் இல்லை. இது இந்த ஆய்வின் பெரும் பலம்.

சுமார் 100 மணி நேரக் கவனிப்புக்குப் பின் சைகை தெரிந்தது. அதன் வலிமை இரைச்சலைப் போல் 4.5 மடங்கு. ஓர் அண்டத்தில் சராசரியாக இருந்த அணுநிலை ஹைட்ரஜன், சூரியனின் நிறையைப் போல் 1,190 கோடி மடங்கு. பிழை அளவு கூட்டியோ குறைத்தோ 260 கோடி. அதே அண்டங்களிலிருந்த விண்மீன்களின் சராசரி நிறை ஏறத்தாழ 940 கோடி சூரியன்கள். அதாவது ஆகிவிட்ட விண்மீன்களுக்குச் சற்றேறக்குறையச் சமமான அளவில் வாயுவும் இருந்தது.

இங்கே ஒரு தடையை எழுப்ப வேண்டும். நம் ஊர்த் தீப்பெட்டியின் மேல் 'சராசரி இத்தனை குச்சிகள்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பெட்டியைப் பிரித்து எண்ணினால் இரண்டு குறையும். மற்றொன்றில் மூன்று கூடும். அச்சிட்டவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது பண்டலைப் பற்றி. நாம் எண்ணியது பெட்டியை. 1,190 கோடி என்பதும் பண்டலைப் பற்றிய எண்தான். அந்த 7,653 அண்டங்களில் சிலவற்றில் மிகுந்த வாயுவும், பலவற்றில் மிகக் குறைந்த வாயுவும் இருந்திருக்கலாம். எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவும் இருந்திருக்கலாம். இரண்டுக்கும் சராசரி ஒன்றே. சராசரியைக் கொண்டு தனியோர் அண்டத்தின் வரலாற்றை எழுத முடியாது.

இந்த ஆய்வில் எடுத்துக்கொண்டவை நீல நிறமுள்ள, விண்மீன்கள் ஈன்றுகொண்டிருந்த அண்டங்கள் மட்டுமே என்பதையும் மறக்கலாகாது. பிறப்பு ஏற்கெனவே நின்றுபோன சிவந்த அண்டங்கள் இதில் இல்லை. ஆகவே 'அக்காலத்து அண்டங்கள் எல்லாம்' என்று தலைப்பிடுவது தவறு.

கண்மாய்க் கணக்கு

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். அதே அண்டங்களில் ஆண்டுக்குச் சராசரியாக 7.7 சூரியன் நிறையளவு விண்மீன்கள் பிறந்துகொண்டிருந்தன என்று, அவை வெளியிட்ட வேறு ரேடியோ அலைகளிலிருந்து ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். இருப்பு 1,190 கோடி. செலவு ஆண்டுக்கு 7.7. வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 154 கோடி ஆண்டுகள். புதிய வாயு வெளியிலிருந்து வராவிட்டால் அத்தனை ஆண்டுகளில் கையிருப்பு தீர்ந்துபோகும். நம் அருகிலுள்ள ஒத்த அண்டங்களில் இந்தக் காலம் இதைவிடப் பல மடங்கு நீண்டது.

இதைத்தான் செய்தி எழுதியவர்கள் 'தீர்ந்தது' என்றார்கள். கட்டுரையோ அப்படிச் சொல்லவில்லை. நன்றாகச் சிந்தியுங்கள். 800 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த வாயு 154 கோடி ஆண்டுகளில் முற்றிலும் தீர்ந்திருந்தால், விண்மீன் பிறப்பு 640 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நின்றிருக்க வேண்டும். நின்றதா? மார்கழி இரவில் எம். புதுப்பட்டி போன்ற ஊர்களில் விளக்கு வெளிச்சம் இல்லாத பக்கமாக நின்று, ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடைக்கச்சைக்குக் கீழே பாருங்கள். மங்கலான ஒரு புகைப்படலம் தெரியும். சுமார் 1,350 ஒளியாண்டுத் தொலைவில் இன்றும் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம் அது. ஆகவே வாயு வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. போதிய அளவுக்கு வரவில்லை. கட்டுரையின் வாதம் இதுதான்.

வானம் பார்த்த பூமியான நம் மாவட்டத்தில் இதைப் புரிந்துகொள்வது எளிது. கண்மாயில் நிற்கும் நீர் எவ்வளவு என்று பார்க்கிறோம். மடை வழியே எவ்வளவு போகிறது என்றும் பார்க்கிறோம். இத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடலாம். வரத்துக்காலில் எவ்வளவு வருகிறது என்பது தனிக் கணக்கு. 2020ஆம் ஆண்டு ஆய்வு நிற்கும் நீரை அளந்தது, மடையை அளந்தது, வரத்தை அளக்கவில்லை. பிற்காலத்தில் பாசனம் குறைந்தது என்ற செய்தி முன்பே தெரியும். இவற்றை இணைத்து, 'வரத்து குறைந்திருக்க வேண்டும்' என்று ஊகித்தது. நியாயமான ஊகம், ஆனால் ஊகம். ஆய்வாளர்களே 'போதாமல் இருந்திருக்கலாம்' என்ற சொல்லாட்சியைத்தான் கையாண்டார்கள். அந்த 'இருக்கலாம்' செய்தித்தாள் வரை வந்து சேரவில்லை.

வரத்தை அறிய ஒரு வழி உண்டு. இரண்டு வெவ்வேறு நாட்களில் நீர்மட்டத்தைப் பார்த்தால் போதும். இதே குழுவினர் அதையும் செய்தனர். 2021இல் சிவப்பு இடப்பெயர்ச்சி 1.3 அளவிலுள்ள 2,841 அண்டங்களை ஆராய்ந்தனர். பின்னர் 510 மணி நேரக் கவனிப்பில் 11,419 அண்டங்களைச் சேர்த்து 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். விண்மீன் நிறையில் ஒத்த அண்டங்களை ஒப்பிட்டபோது, இடப்பெயர்ச்சி 1.3இல் சராசரி ஹைட்ரஜன் 3,360 கோடி சூரியன் நிறை; 1.0இல் 1,060 கோடி. இடைப்பட்ட காலம் சுமார் 100 கோடி ஆண்டுகள். அதற்குள் நீர்மட்டம் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது! முதல் ஆய்வின் ஊகத்துக்கு இது வலுவான ஆதரவு.

எனினும் இங்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறைந்தது 2,300 கோடி. ஆண்டுக்கு 10 சூரியன் அளவு விண்மீன் பிறந்தது எனக் கொண்டாலும் 100 கோடி ஆண்டுகளில் செலவு 1,000 கோடிதான். மீதி எங்கே? ஒரு பகுதி அணுநிலையிலிருந்து மூலக்கூறு ஹைட்ரஜனாக மாறியிருக்கலாம். விண்மீன்கள் நேராகப் பிறப்பது இந்த மூலக்கூறு மேகங்களில்தான், 21 செ.மீ. அலை அவற்றைக் காட்டாது. இன்னொரு பகுதியை வெடித்த விண்மீன்கள் வெளியே வீசி எறிந்திருக்கலாம். மேலும் 3,360 கோடியின் பிழை அளவே 640 கோடி. ஆகவே வித்தியாசத்தை அப்படியே நம்பிவிடவும் கூடாது. ஆக, கண்மாய் வற்றியதற்கு வரத்துக் குறைவு மட்டுமே காரணமா, கரையில் உடைப்பும் உண்டா என்பது இன்னும் முழுவதும் தீராத கேள்வி.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். இந்த மூன்று ஆய்வுகளும் ஒரே தொலைநோக்கியில், ஒரே கணக்கெடுப்பின் வானப் பகுதிகளில், பெரும்பாலும் அதே ஆய்வாளர்களால் செய்யப்பட்டவை. ஒருவர் எழுதிய கணக்கை அவரே மூன்று முறை சரிபார்ப்பது நல்லதே. வேறொருவர் வேறு முறையில் சரிபார்ப்பது அதைவிட நல்லது. வானத்தின் சிறு பகுதிகளை மட்டும் பார்த்ததால், அங்கே அண்டங்கள் வழக்கத்துக்கு மாறாக அமைந்திருக்கும் வாய்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது.

மதிப்பு என்ன?

இத்தனை தடைகள் எழுப்பியதால் ஆய்வைக் குறைத்து மதிப்பிடுவதாக யாரும் கருத வேண்டாம். 2020க்கு முன் அண்டங்களின் அணுநிலை ஹைட்ரஜனை 21 செ.மீ. அலையால் அளப்பது சிவப்பு இடப்பெயர்ச்சி 0.4 வரையில்தான் சாத்தியமாகியிருந்தது. அந்த எல்லையை ஒரேயடியாக 1க்குக் கொண்டுபோனார்கள். விண்மீன்கள் எவ்வளவு பிறந்தன என்று உலகம் அறிந்திருந்தது. எதிலிருந்து பிறந்தன என்ற கணக்கின் முக்கியமான ஒரு பத்தி வெறுமையாக இருந்தது. அந்தப் பத்தியில் முதல் எண்ணை எழுதியவர்கள் இவர்கள். எழுதிய எண்ணுக்குப் பக்கத்திலேயே அதன் பிழை அளவையும் எழுதினார்கள். ஆய்வின் உயர்வு இதில்தான் இருக்கிறது. 'உலகமே வியந்தது' என்ற தலைப்பில் இல்லை.

ஜி.எம்.ஆர்.டி. திட்டமிடப்பட்டபோது அதன் தலையாய நோக்கங்களுள் ஒன்று, இன்னும் மிகத் தொலைவிலுள்ள, அண்டங்கள் உருவாவதற்கு முந்திய பெரும் ஹைட்ரஜன் மேகங்களைக் காண்பது. அந்த நோக்கம் நினைத்த வடிவில் கைகூடவில்லை. ஆனால் அதற்காகக் கட்டிய கிண்ணங்கள், புதிய அலைவாங்கிகள் பொருத்தப்பட்ட பின், வேறொரு கேள்விக்கு விடை தந்தன. அடிப்படை ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணம் வீணா என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரியில் இந்திய அரசு, ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அமைந்துவரும் பன்னாட்டு ரேடியோத் தொலைநோக்கித் திட்டத்தில் சேர ஏறத்தாழ 1,250 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. பெட்டியைப் பிரித்துக் குச்சிகளை ஒவ்வொன்றாக எண்ணுவது, அதாவது அண்டங்களைத் தனித்தனியே அளப்பது, அத்தகைய கருவியின் வேலை.

அதுவரை, மாணவர்களே, வானியல் செய்தி எதைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அளந்தது எது, ஊகித்தது எது? சொன்ன எண் தனி ஒன்றைப் பற்றியதா, பலவற்றின் சராசரியா? அந்த எண்ணின் பிழை அளவு என்ன? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத செய்தி எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தாலும் பாதிச் செய்திதான். விடை தேடிப் பார்க்க உங்களுக்குப் பட்டமோ ஆங்கிலப் புலமையோ வேண்டியதில்லை. 1,190 கோடியை 7.7 ஆல் வகுக்கத் தெரிந்தால் போதும்.